ஒன்பது குழி

எங்கள் பெரியப்பா தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஏமாந்தார் என்று சமயநல்லூர்ப் பக்கம் வெகுகாலம் பேச்சிருந்தது. மாட்டுத் தரகனிடமோ வக்கீலிடமோ ஏமாந்திருந்தால் அதில் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். அவர் ஏமாந்தது ஒரு தமிழ்ச் சொல்லில். அதுவும் தமிழ் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம். அப்போது எனக்கு எட்டு வயது. அந்தக் கூத்தை முதலிலிருந்து கடைசி வரை கூடவே இருந்து பார்த்தவள் நான்.

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்ததால் வாரத்துக்கு ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். சித்தப்பா கடைக்குட்டி. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றவள் கண்ணை மூடிவிட்டதால் பெரியப்பாதான் தோளில் போட்டு வளர்த்தாராம். வளர்த்த பிள்ளை மதுரைக்குப் போய் இன்டர்மீடியட் படித்து, இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் கவிழ்ந்து, இங்கிலீஷை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். "நம்ம மாட்டுக்கு இங்கிலீசு தெரியாதுடா, அதுக்கிட்ட எதைப் பேசுவே?" என்று பெரியப்பா தினமும் ஒரு முறையாவது கேட்டுவிடுவார்.

கொழும்பில் மளிகைக்கடை வைத்திருந்த மாமா முறைக்காரர் ஒருவர், பையனை அனுப்பி வைத்தால் ஆளாக்கிவிடுவதாகக் கடிதம் போட்டார். உறவுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பெரியப்பா, "சித்திரைத் திருவிழா முடிஞ்சதும் வருவான்னு எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் வந்ததுதான். சித்தப்பாவுக்குப் போக மனமே இல்லை. ஆனால் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை. நானோ மாட்டுக் கொட்டடியில் போய் உட்கார்ந்து அழுதேன். வண்டியூர்த் தெப்பத்துக்குத் தோளில் தூக்கிப்போகவும், பனையோலையில் காற்றாடி செய்து தரவும், கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்லவும் எனக்கு அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

கடிதம் போன நாளிலிருந்து பெரியப்பா தம்பியைத் திட்டுவது இரண்டு மடங்காயிற்று. தம்பி இலையில் தினம் ஒரு முட்டை வைக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

"அனுப்புறதுன்னு முடிவாயிருச்சுல்ல, பெறகு என்னத்துக்குத் தெனம் முட்டை?" என்றாள் பெரியம்மா.

"கடல் தாண்டிப் போறவனுக்கு ஒடம்புல தெம்பு வேணும்ல?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

இப்படி இருக்கையில்தான் மாசி மாதம் ஒரு நாள் அந்தத் துரை வந்து இறங்கினார். நரைத்த மீசை, அரைக்கால் சட்டை, ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிற நடை. அவர் தம் நாட்டில் பந்தடிப்பதையே பிழைப்பாகக் கொண்டு பெரிய பேரெடுத்தவராம். முழங்கால் கெட்டு ஆட்டத்தை விட்டபிறகு, தேசம் தேசமாகப் போய் அந்த ஆட்டத்துக்கு மைதானம் வகுத்துக் கொடுப்பது அவருக்குத் தொழிலாகிவிட்டது. மதுரையில் இருந்த வெள்ளைக்காரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து அவரை வரவழைத்திருந்தார்கள். கோல்ஃப் என்ற அந்த ஆட்டத்தின் பெயர் எங்கள் ஊருக்குள் நுழையும்போதே கோலாட்டம் ஆகிவிட்டது. இந்த வயதில், இந்த மீசையோடு, துரை கோலாட்டம் ஆடப்போகிறார் என்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கண்மாய்க்கரைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு பெரிய பொட்டல் இருந்தது. மழை பெய்தால் வரகு விதைப்போம். மற்ற நாளில் ஆடு மேயும். அதைத்தான் துரை கேட்டு வந்தார். வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார்கள். துரை பேசப் பேசச் சித்தப்பா கேட்டுத் தமிழில் சொன்னார்.

"நம்ம பொட்டல்ல ஒம்பது குழி வேணுமாம்ணே."

எங்கள் பக்கத்தில் குழி என்பது நில அளவு. நூறு குழி கூடினால் ஒரு மா. ஒன்பது குழியில் ஒரு வைக்கோற்படப்புப் போட்டு இரண்டு மாடு கட்டலாம். மூன்றாவது மாடு வந்தால் மல்லுக்கட்டும். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா மனுசன் இம்புட்டுத் தொலைவு வந்தாரு? எடுத்துக்கிடச் சொல்லுடா. வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்லு."

சித்தப்பா சொன்னார். துரை எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். பதநீர் வந்தது. எல்லோரும் குடித்தோம்.

பேச்சுத் துணைக்குச் சித்தப்பா கூட வரவேண்டும் என்று துரை கேட்டுக்கொண்டார். "ஒம்பது குழிக்கு எம்புட்டு நாளாயிரும்? கூட இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் பெட்டியைக் கட்டு" என்றார் பெரியப்பா. அது ஒரு நாளில் முடியவில்லை, ஒரு வாரத்திலும் முடியவில்லை. நஞ்சையில் அறுப்பு நடந்ததால் தாம் பொட்டல் பக்கமே போகவில்லை என்றுதான் பெரியப்பா பின்னால் சொன்னார்.

நான் தினமும் போனேன். துரையின் தோல்பையில் அவர் அதுவரை வகுத்த மைதானங்களின் படங்கள் இருந்தன. ஒன்றில் கடல் தெரிந்தது. ஒன்று நீலகிரியில், மூடுபனி இறங்கினால் அடித்த பந்தைத் தேட மறுநாள்தான் போக வேண்டுமாம். இன்னொன்று புல் பூண்டு இல்லாத ஏதோ பாலைவனத்தில். இத்தனையிலும் அவருக்குப் பிடித்தது எது என்று கேட்கச் சொல்லிச் சித்தப்பாவை நச்சரித்தேன். துரை வெகுநேரம் யோசித்துவிட்டுக் கடற்கரைப் படத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதுதான் ரொம்பப் பிடிக்குமாம் தாயி. ஆனா இதை அவரு செய்யலையாம். செம்மறி ஆடுக செஞ்சதாம்."

விஷயம் இதுதான். அந்தக் கடற்கரையில் காற்றுக்குப் பயந்து செம்மறிகள் மணலைச் சீய்த்துப் பள்ளத்தில் படுக்குமாம். அந்தப் பள்ளங்களையே ஆட்டத்துக்கு இடைஞ்சலாக வைத்துக்கொண்டு, தாம் கொடியை மட்டும் நட்டுவிட்டு வந்ததாகத் துரை சொன்னார். ஆட்டைவிட நிலம் அறிந்த ஆள் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. அதனால் எங்கள் பொட்டலிலும் நாலு நாள் எங்கள் ஆடுகளின் பின்னாலேயே காலை இழுத்துக்கொண்டு சுற்றினார். அவை எங்கே படுக்கின்றன, எந்த வழியாகத் திரும்புகின்றன என்று நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டார். தமிழில் 'ஆடு' என்றால் அந்தப் பிராணியும்தான், 'விளையாடு' என்பதும்தான் என்று சித்தப்பா எடுத்துச் சொன்னதும் துரை துள்ளிவிட்டார். அன்று முழுவதும் கண்ணில் பட்ட ஒவ்வோர் ஆட்டையும் பார்த்து, "ஆடு, ஆடு!" என்று உற்சாகமாகக் கட்டளை இட்டுக்கொண்டே நடந்தார். அவை ஆடவில்லை, ஆனால் நான் ஆடினேன்.

ஒரு நாள் துரை வீட்டுக்கே வந்து, ஆடிக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், மழை பெய்தால் பொட்டலில் தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வடியும் என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பாவுக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. வாசல் புழுதியில் கம்பால் கோடு கிழித்து, ஓடை, மேடு, களர் எல்லாம் காட்டி, ஒரு நாழிகைக்கு மேல் விளக்கினார். துரையும் மண்டி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஒன்பது குழி இடத்துக்கு இத்தனை விவரம் எதற்கென்று பெரியப்பாவுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கொடி நடுகிற இடத்தைச் சுற்றிப் பச்சைப்புல் வேண்டுமாம். பங்குனி வெயிலில் எங்கள் பொட்டலில் புல்லைக் கேட்பது மொட்டைத்தலையில் சீப்பைக் கேட்பது மாதிரி. அதனால் ஆற்றுமணலைச் சலித்துப் பரப்பி, எண்ணெய் தெளித்துப் பிசறி, பலகையால் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். நடுவில் ஒரு சாண்கூட அகலமில்லாத குழி தோண்டி, மண் சரியாமல் இருக்கத் தகர டப்பா பதித்து, அதில் சிவப்புக் கொடி கட்டிய கம்பை நட்டார்கள்.

ஒன்பதாவது கொடி ஏறிய அன்று பக்கத்துப் புஞ்சைக்காரர் மூச்சிரைக்க எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

"மாப்ள, என்னய்யா நீ இங்கன உக்காந்திருக்க? கம்மாக்கரையிலேர்ந்து ரயில் ரோடு வரைக்கும் ஒம் பொட்டல் பூராவும் செவப்புக் கொடி பறக்குதுய்யா!"

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் பின்னால் பாதி ஊர் கிளம்பிற்று. பொட்டலுக்குப் போனதும் கண்ணுக்கு மேல் கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு அங்கே துரையோடு நின்றிருந்த தம்பியைப் பார்த்தார்.

"ஒம்பது குழின்னு சொன்னியேடா?"

"ஒம்பது குழிதாண்ணே. எண்ணிப் பாருங்க." சித்தப்பா பக்கத்துக் கொடியைப் பிடுங்கி, குழிக்குள் கையை விட்டுக் காட்டினார். "இது ஒண்ணு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியப்பா முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. "ரெண்டு பாசை தெரிஞ்சவன்னு நம்பி விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! திருவிழாவும் வேணாம், தேரும் வேணாம். நாளைக்கே கெளம்புடா கொழும்புக்கு!" என்று கத்தினார்.

நான் 'ஓ' என்று அழ ஆரம்பித்தேன். சித்தப்பா, "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பெரியப்பா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா பத்து எட்டு வைத்திருப்பார்.

"எங்கடா போற?"

"பெட்டி கட்ட."

"தொரைக்கு யாருடா பதில் சொல்றது? ஒங்கொப்பனா? வாடா இங்க."

துரை விஷயம் தெரியாமல் என் அழுகையைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா திரும்பிவந்து எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. தவறு நடந்திருந்தால் ஒன்பது கொடியையும் தாமே பிடுங்கிவிடுவதாகவும், நிலத்துக்காரர் மனம் நொந்த இடத்தில் தாம் எந்தத் தேசத்திலும் மைதானம் போட்டதில்லை என்றும் சொன்னார். சித்தப்பா அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார். தம் தலைக்கு வந்ததைத் தாமே மொழிபெயர்த்துக்கொண்டு நின்ற அவரைப் பார்க்க எனக்கு அழுகை இன்னும் கூடிற்று.

"பிடுங்கச் சொல்லு மாப்ள" என்றார் புஞ்சைக்காரர்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"குடுத்த வாக்கு குடுத்ததுதான். ஒம்பது குழின்னேன். எண்ணிப் பாரு, ஒம்பது இருக்கு. இதுல என்ன பொய்யி? ஆனா ஆடு மேயும். மழை விழுந்தா நான் வரகு வெதைப்பேன், அப்பக் கொடி இருக்கப்படாது. கேளுடா அவரை."

ஆடு மேய்வதைக் கேட்டதும் துரை பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். வரகுக்கும் சம்மதம்.

"இன்னொண்ணு" என்றார் பெரியப்பா, யாரையும் பார்க்காமல். "ஒத்தச் சொல்லுல இம்புட்டுக் கூத்தாயிருச்சு. இனி வருசம் பூராவும் இந்தத் தொரைமாருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இருக்கும். பாசை தெரிஞ்சவன் இங்கன ஒருத்தன்தான் இருக்கான். அவன் போயிக் கொழும்புல பொட்டலம் மடிச்சுக்கிட்டிருந்தா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

"அப்பக் கொழும்பு மாமனுக்கு எழுதின வாக்கு?" என்று புஞ்சைக்காரர் விடாமல் கேட்டார்.

"திருவிழா முடிஞ்சு வருவான்னுதானய்யா எழுதுனேன்? எந்த வருசத்துத் திருவிழான்னு எழுதுனேனா?"

ஊரே சிரித்தது. துரை எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல செய்திகள் வந்தன. அந்த வெயிலில் கேட்ட செய்திக்கு ஈடாக ஒன்றும் வந்ததில்லை.

நிலத்துக்காரர்தான் முதல் பந்தை அடிக்க வேண்டும் என்று துரை ஒரு மட்டையை நீட்டினார். கொடியிலிருந்து இருபது அடி தள்ளிப் பந்தை வைத்தார்கள். மெல்லத் தட்டினால் போதும், பந்து குழியில் விழுந்தால் ஜெயம் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்தார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியை ஓங்குவது போல் ஓங்கி ஒரு போடு போட்டார். புழுதி பறந்தது, பந்து அங்கேயே இருந்தது. இரண்டாவது போட்டில் பந்து கொடியைத் தாண்டி, படுத்திருந்த கிடாயைத் தாண்டி, உடைமுள் புதருக்குள் போய் மறைந்தது. கிடாய் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

நான் மட்டும் ஒழுங்காகக் குழிக்கு ஓடி உள்ளே எட்டிப் பார்த்தேன். தகர டப்பா காலியாக இருந்தது. பெரியப்பா ஒரு கையில் மட்டையோடு, மற்றக் கையைச் சித்தப்பாவின் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"பந்து உள்ள விழுகலையே பெரியப்பா" என்றேன்.

"விழுகாட்டி என்ன தாயி? நான் ஜெயிச்சுட்டேன்" என்றார்.

சித்தப்பா அத்தனை தெளிவாகச் சொல்லிக் கொடுத்தும் மனிதருக்கு ஆட்டத்தின் விதி பிடிபடவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பெரியவர் மனம் நோகக்கூடாதென்று, "ஆமா பெரியப்பா" என்று சொல்லிவைத்தேன்.