கோட்டை காத்த மூன்று நாள்

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றியெல்லாம் எழுதுவாயா, உனக்கு வயசு என்ன என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். என் வாழ்க்கையில் நான் ஒருவனுக்கு முழு விசுவாசமாக இருந்தேன் என்றால் அது அந்த விளையாட்டில்தான். அதே மூன்று நாளில்தான் அவன் குடும்பத்தின் ஆறு மா நிலமும் போனது. இரண்டிலும் என் கை இருந்தது. பத்து வருஷத்துக்கும் மேலாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் கல்லூரிக்குக் காலை ரயிலில் போய்வந்துகொண்டிருந்த காலம். அவனும் நானும் ஒரே ஊர், வேறு வேறு தெரு. அந்தத் தூரம் எவ்வளவு என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவன் குடும்பம் ஒரு காலத்தில் எங்கள் வயல்களில் கூலிக்கு இறங்கிய குடும்பம். கொடி பிடித்து, அடி வாங்கி, கடைசியில் கோயில் நிலத்தில் ஆறு மாவைக் குத்தகைக்கு வாங்கியவர் அவன் தாத்தா. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அந்த நெல்லில்தான் அவனும் அவன் அக்காவும் படித்தார்கள். அதை ஒட்டி வடக்கே எங்கள் வயல். நடுவில் ஒரே ஒரு வரப்பு.

அவன் அப்பா என் அப்பாவை ஐயா என்பார். என் அப்பாவோ தன்னைவிடப் பத்து வயசு மூத்த அவரை வா, போ என்பார். ஊருக்குள் அவன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டான். நேராக விஷயத்தை ஆரம்பித்துவிடுவான். ரயில் கிளம்பி ஸ்டேஷன் மறைந்த பிறகுதான் வாயில் 'டேய்' வரும். அந்த 'டேய்'க்காகவே நான் ஒரு நாள்கூட லீவு போடாமல் கல்லூரிக்குப் போனேன். படிப்பில் அக்கறை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

அவன் அரசாங்கப் பள்ளியில் படித்தவன், அதனால் இலவச லேப்டாப் கிடைத்தது. நான் பணம் கட்டி இங்கிலீஷ் மீடியம் படித்தவன், எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த லேப்டாப்பில் ஒரு டேட்டா கார்டைச் செருகி நாங்கள் ஆடியது பழைய காலத்து ராஜாக்கள் சண்டை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு கோட்டை கட்டி, தானியம் சேர்த்து, படை திரட்டி, ஒருவரை ஒருவர் அடித்துப் பிடுங்கும் ஆட்டம். தனியாக நின்றவன் ஒரு வாரம் தாங்க மாட்டான். கூட்டணிதான் உயிர். எங்கள் கூட்டணியில் பன்னிரண்டு பேர்; தலைவன் அவன். அங்கேயும் அவன் கோட்டையும் என் கோட்டையும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

கூட்டணி நடத்துவதில் அவன் கெட்டிக்காரன். எல்லையை ஒட்டி இருப்பவனிடம்தான் முதலில் ஒப்பந்தம் போட வேண்டும் என்பான். ஏனென்றால் ஆசை அவனுக்குத்தான் முதலில் வரும். உதவிக்குப் போகிற படை உதவி கேட்டவனின் தானியத்தைத் தின்னும், ஆகவே வேலை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தான். நம்மில் யார் எப்போது ஆட்டத்தில் இல்லை என்பதை வெளியே மூச்சு விடக் கூடாது. ஆள் இல்லாத கோட்டையைப் பிடிக்கப் பெரிய படை வேண்டாம், ஆள் இல்லாத நேரம் தெரிந்தால் போதும். கோவில்வெண்ணி ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவான். சோழன் ஒருவன் ஒண்டியாக நின்று ஒரு பெருங்கூட்டணியை முறியடித்த இடம் இதுதான் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. அவன் அதை நம்பவில்லை.

"வெளியேருந்து யாரும் முறியடிக்க முடியாதுடா. உள்ளேருந்து எவனோ பேசியிருப்பான்" என்பான்.

அந்த வருஷம் தண்ணீர் தாமதமாக வந்து, புரட்டாசியில் சம்பா நடவு. அவன் தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. குத்தகையை மகன் பெயருக்கு மாற்றக் கொடுத்த மனு ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவுக்கு அந்த வயல் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டியின் கரையை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் அவர். எந்த மேசையில் யார் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒன்று குறைந்தது. எந்த வயலில் யார் சாகுபடி என்று கிராமக் கணக்கில் எழுதுவார்களே, அந்த அடங்கலில் ஒரு போகமாவது அவர் பெயர் வர வேண்டும். வயலில் யார் நட்ட பயிர் நிற்கிறதோ அவர் பெயர்தான் அதில் ஏறும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். வரப்பை எடுத்துவிட்டால் ஒரே சதுரம் என்று சாப்பாட்டு நேரத்தில் அப்பா சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவர்கள் வயலைச் சேறடித்து, பரம்படித்துச் சமமாக்கி, நாற்றும் தயாராக வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை நடவு என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை திரும்பியிருக்கிறது, சிக்கல் என்று தகவல். நடவை வியாழனுக்குத் தள்ளிவிட்டு வீட்டைப் பூட்டி எல்லோரும் கிளம்பினார்கள். பஸ் ஏறுமுன் அவன் வந்து லேப்டாப்பை என் கையில் கொடுத்தான். அவனிடம் இருந்தது பட்டன் போன். அதில் ஆட்டம் ஓடாது. கோட்டைக்கான பாஸ்வேர்டையும் சொன்னான். பூவரசடி. அந்த ஆறு மா வயலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

அன்று மதியம் சாப்பிடும்போது அப்பா கேட்டார். "அவன் லேப்டாப்பு உன் கையில எப்படி? அவன் எங்க?"

"எல்லாரும் நாகப்பட்டினம் போயிட்டாங்கப்பா. அக்காவுக்குப் பிரசவம். புதன்கெழமதான் வருவாங்க."

"எல்லாருமேவா?"

"எல்லாருந்தான்."

அப்பா ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். நான் அடுத்த கவளத்தை வாயில் வைத்தேன். ஒரு வருஷமாக ரயிலில் ஓதப்பட்ட விதி, சோற்றுத் தட்டுக்கு முன்னால் எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஆனால் ஆட்டத்தில் மட்டும் வந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கல்லூரிக்கு முதல் முறையாக லீவு போட்டேன். அவன் இருப்பதுபோலவே காட்டிக்கொள்ள மணிக்கொரு தரம் பூவரசடி என்று அடித்து அவன் கோட்டைக்குள் போய், இரண்டு வார்த்தை பேசி, ஏதாவது கட்டிவிட்டு வருவேன். தலைவர் ஊரில் இல்லையா என்று எங்கள் கூட்டணிக்காரன் ஒருவன் கேட்டதற்குக்கூட, இருக்கிறாரே என்று கூசாமல் புளுகினேன். திங்கள் பகலில் எதிரிப் படை அவன் மேல் வந்தது. என்னிடம் இருந்த குதிரைப்படை மொத்தத்தையும் அனுப்பினேன். முக்கால்வாசி செத்தது. கோட்டை நின்றது. அவன் வந்ததும் இதைச் சொல்லி ஒரு 'டேய்' வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரே குஷி.

செவ்வாய் பகல் பதினொன்றரைக்கு அம்மா ஒரு தூக்குவாளி நிறைய டீயைக் கொடுத்து, நடவாட்களுக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாள். நம் வயலில்தான் நடவு போன வாரமே முடிந்துவிட்டதே என்றேன். அப்பா கொடுக்கச் சொன்னார், போ என்றாள்.

போனேன். வேறு ஊரிலிருந்து லோடு ஆட்டோவில் கூட்டி வந்த பெண்கள். எனக்கு யாரையும் தெரியாது. அவன் தெரு ஆட்கள் எல்லோரும் அன்று ஆற்றுக்கு அக்கரையில் வேறு நடவில் இருந்தார்கள். அதையும் அப்பா விசாரித்து வைத்திருந்தார். பெண்கள் குனிந்து பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பூவரசடியில் மேற்குப் பாதி பச்சையாகியிருந்தது. கிழக்குப் பாதி அவன் அப்பா பரம்படித்து விட்டுப்போனபடியே தண்ணீர் மினுங்கிக்கொண்டு கிடந்தது. வரப்பில் அப்பா குடை பிடித்து நின்றார். என்னைப் பார்த்து, டீயை ஊத்திக் கொடு என்றார். நான் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அங்கே நிற்கும்போதுதான் என் போனுக்கு அவன் எஸ்.எம்.எஸ். வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நல்லா இருக்காங்க, கோட்டை எப்படிடா இருக்கு என்று கேட்டிருந்தான்.

ஒரு வரி போதும். அவர்கள் நாகப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேற்றில் இறங்கி நின்றிருந்தால் நடவு நின்றிருக்கும். வயலில் ஆள் நிற்க எந்த நடவாளும் ஒரு நாற்றுகூட ஊன்ற மாட்டாள். மீதியில் ஒரு பகுதியாவது அவர்களுடையதாக இருந்திருக்கும். அப்பாவுக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே நான் அந்த வரப்பைப் பார்த்தேன். எடுத்துவிட்டால் ஒரே சதுரம் என்று எனக்கும் தோன்றியது. சீ, என்ன ஜென்மம் நான்!

கோட்டை பத்திரம், கவலைப்படாதே என்று பதில் அனுப்பினேன்.

புதன்கிழமை அவர்கள் வந்தபோது ஆறு மாவிலும் நாற்று நின்றது. அவன் அப்பா வரப்பில் வந்து நின்றார். அவர்கள் தெருவே பின்னால் திரண்டு வந்தது. இப்போதே டிராக்டரை இறக்கி உழுதுவிட்டு நம் நாற்றை நடுவோம், கேஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆள் ஆளுக்குக் கத்தினார்கள். அவன் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவர் அசையவில்லை.

"பயிரு என்னடா பண்ணுச்சு? நட்ட பயிர்ல என்னால கால வைக்க முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் யாருமே வைக்க மாட்டார்கள். பகையாளி நட்டதானாலும் நட்டது பயிர். என் அப்பா நம்பியிருந்ததும் இதைத்தான். வீட்டில் அன்று அவர் பெருமையாகவே சொன்னார், அவன் அழிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும் என்று. எதிரியின் நல்ல குணத்தை வைத்தே அவனைக் கவிழ்ப்பதை எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஒரு வாரம், ஆற்றில் முறை வைத்து விடும் தண்ணீர் வரவில்லை. அந்த நாற்று வாடியபோது மேலே கிடந்த குட்டையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டவரும் அவன் அப்பாதான். எங்களிடம் அதைப் பற்றி அவர் பேசவில்லை. பச்சை பிடித்து நின்ற அந்தப் பயிரைப் பார்த்துத்தான் அடங்கலில் என் அப்பா பெயரை எழுதினார்கள். அடுத்த இரண்டாம் வருஷம் குத்தகையும் மாறியது. அப்பா காலமான பிறகு இப்போது அது என் பெயரில் இருக்கிறது. வரப்பை எடுத்தாகிவிட்டது. அவன் அப்பா கடைசிவரை கூலிக்குப் போனார், எங்கள் வயலைத் தவிர மற்ற எல்லா வயலுக்கும். அவன் மெட்ராஸில் நல்ல வேலையில் இருப்பதாகக் கேள்வி.

அவனோடு நான் கடைசியாகப் பேசியது, நடவுக்கு அடுத்த திங்கட்கிழமை ரயிலில். என் எதிரில் வந்து உட்கார்ந்தான். லேப்டாப்பை நீட்டினேன். மடியில் வைத்துக்கொண்டான், திறக்கவில்லை. நான் எதையாவது பேச வேண்டுமே என்று, திங்கட்கிழமை தாக்குதல் வந்ததையும் என் குதிரைகள் செத்ததையும் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டான். பிறகு ஒன்று கேட்டான்.

"செவ்வாக்கெழம நான் கேட்டேன்ல, கோட்டை எப்படி இருக்குன்னு. அப்ப எவ்வளவு நட்டிருந்தாங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை.

"பாதி."

கோவில்வெண்ணி வந்தது. அவன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"பஸ்ஸு ரெண்டு மணி நேரந்தான்டா" என்றான்.

இறங்கிப் போய் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டான்.