நனையாமல் வருவேன் என்று சொன்ன சனிக்கிழமை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதே அடுத்து எங்கே போவது என்று மனசு ஓடும். பட்டினப்பாக்கம் குடியிருப்பில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் கடல். வருகிறவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவள் என்பார்கள். தினமும் பார்க்கிற கடலை எத்தனை நேரம்தான் பார்ப்பது? எனக்கு ரோடுதான் பிடிக்கும். பஸ் வருகிற ரோடு.

மாசத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் ஊர் சுற்றப் போவோம். சிநேகிதம் வந்தது கண் ஆஸ்பத்திரியில். ஒரே நாளில் மூன்று பேருக்கும் கண்ணில் ஆபரேஷன். பஞ்சு ஒட்டிக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, முகம் சரியாகத் தெரியாமலே கதை பேசினோம். கட்டு அவிழ்த்த பிறகுதான் ஒருத்தி மாட வீதி மாமி என்றும், இன்னொருத்தி கச்சேரி ரோடு பக்கம் தையல் கடை வைத்திருக்கும் பாயின் சம்சாரம் என்றும் தெரிந்தது. அவளை நான் பாயம்மா என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். மாமி எடுத்ததுமே என்னை நீ என்றாள். அப்போ நானும் நீ என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் பழகிவிட்டது.

புதுக் கண் வந்திருக்கிறதே, இதை வைத்து வீட்டுச் சுவரையா பார்ப்பது என்றுதான் சுற்ற ஆரம்பித்தோம். மாசம் ஒருத்தி முறை. முறை யாருடையதோ அவள் சொல்கிற இடம். மழை, வெயில் என்று தள்ளிப் போடக் கூடாது, தள்ளிப் போட்டால் அதுவே பழகிவிடும். கத்திரி வெயிலில் தி.நகர் ஜவுளிக் கடையில் போய் உட்காருவோம். பட்டுப் புடவை மாடியில் மெத்தை போட்டிருப்பான், ஏசி ஜில்லென்று வரும், பத்துப் புடவையைப் பிரிக்கச் சொல்லி, பார்டர் சரியில்லை என்று எழுந்துவிடுவோம். மழையென்றால் கோயில் மண்டபம். ஒன்றும் தோன்றாவிட்டால், பொம்பளைகளுக்குக் காசில்லாத பஸ்ஸில் ஏறி அடையாறு டிப்போ வரைக்கும் போய் அதே பஸ்ஸில் திரும்புவோம். அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

போன ஐப்பசியில் அப்படித்தான் பெசன்ட் நகரில் கொட்டுகிற மழையில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தேன். மார்ச்சளி பிடித்து ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆயிற்று. வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் பிள்ளை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவை நனைந்து வந்தால் இந்தச் சுற்றலெல்லாம் அதோடு சரி என்றான். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னான். சரி, நனையாமல் வருவேன் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன சொல் மாறினது கிடையாது. நான் மீன் விற்ற அங்காடியில் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்கு அடுத்த மாசச் சனிக்கிழமை பாயம்மாவின் முறை. லஸ் பக்கத்துப் பூங்காவுக்குப் போகணும் என்றாள். வானமோ ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. எனக்குக் கூரை வேண்டும். முதலில் தி.நகர் போவோம், மேகம் கலைந்ததும் பூங்கா என்று நான்தான் திருப்பிவிட்டேன். அவள் சரி அக்கா என்று பஸ் ஏறிவிட்டாள். முறை உன்னுது, நீ ஏன் விட்டுக் கொடுக்கறே என்று மாமிதான் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

ஜவுளிக் கடையில் ஒரு கஷ்டம், ஜன்னலே கிடையாது. உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா, பகலா ராத்திரியா ஒன்றும் தெரியாது. மற்ற நாளில் அதுதான் சுகம். அன்றைக்கு எனக்கு மெத்தையில் முள் இருப்பது போல இருந்தது. எழுந்து நகரும் படியில் இறங்கி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன், திரும்ப ஏறி வருவேன், உட்காருவேன், மறுபடி எழுந்துவிடுவேன். வாசல் காவல்காரர் எதையாவது தொலைத்துவிட்டீர்களா அம்மா என்று கேட்டார். மாமிக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவளுக்கு ஒரு மயில் கழுத்துக் கலரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், அதைத் தடவிக்கூடப் பார்க்க முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த உக்காரேண்டி. நீ ஏறி எறங்கிண்டே இருந்தா மழை பயந்துண்டு போயிடுமா?"

மூன்று மணிக்கு மேல் வெயில் பளிச்சென்று வந்தது. இப்போ கிளம்பினால் பாயம்மாவின் ஆசையும் தீரும், என் வாக்கும் நிற்கும் என்று இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பூங்காவில் மாமியின் தயிர் சாதமும் பாயம்மா வீட்டுச் சமோசாவும் தின்றோம். ஒரே பிள்ளைகள் கூட்டம். பாயம்மா ஊஞ்சல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று மாமி கேட்டாள். சின்ன வயசில் அவளை ஊஞ்சலில் விட்டதே இல்லையாம். அவள் அம்மாவுக்குப் பயம். இப்போ ஆடலாம் என்றால் பெரியவர்கள் ஏறக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பூங்கா வேண்டும் என்று கேட்டதற்கு இதுதான் காரணம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மழை சொல்லாமல் வந்தது. வெயில் இருக்கும்போதே வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஓடினார்கள், காவல்காரர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் மாமியும் ஓட்டுக் கூரை போட்ட மேடையில் ஒதுங்கினோம். என் பிள்ளை வாங்கிக் கொடுத்த குடை என் கையில். புடவை நுனிகூட நனையவில்லை. திரும்பிப் பார்த்தால் பாயம்மாவைக் காணோம்.

காலியான ஊஞ்சலில் போய் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டியை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு காலால் தரையை உந்துகிறாள், ஊஞ்சல் ஒரு சாணுக்கு மேல் நகரவில்லை. ஆடிப் பழகினால்தானே தெரியும்.

"அக்கா, ஒரு தள்ளு தள்ளேன்."

மாமிக்குத் தோளுக்கு மேல் கை தூக்க வராது. நான் குடையைப் பிரித்துக்கொண்டு போனேன். குடையைப் பிடித்தால் மிச்சம் ஒரு கைதான். ஒரு கையால் தள்ளினால் ஊஞ்சல் கோணிக்கொண்டு கம்பத்தில் இடிக்கிறது. காலையில் அவள் முறையை நான் எடுத்துக்கொண்டது வேறு உள்ளே அரித்தது. குடையை மடக்கிப் புல்லில் போட்டேன். இரண்டு கையாலும் முதுகில் வைத்துத் தள்ளினேன். மேலே போனாள். வரும்போது மறுபடி தள்ளினேன். மாமி மேடையிலிருந்து, உன் பிள்ளை என்ன சொன்னான், புத்தி இருக்கா என்று கத்திக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் வேகமாத் தள்ளு, அவ கனத்தை ஊஞ்சல் தாங்கும் என்றாள். எனக்கு அந்த நேரத்தில் எங்கேயும் போகத் தோன்றவில்லை. அது எனக்கே புதுசு.

மழை விட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட எப்படி வீட்டுக்குப் போவது? பாயம்மா தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்தேன். தலையைத் துவட்டி, சாம்பிராணி போட்டு, இஞ்சி டீ கொடுத்தாள். முன்னறையில் பாய் என் புடவையைப் பிழிந்து இஸ்திரிப் பெட்டியை ஓட்டினார். ஆவி பறந்தது. நேரமாகிறது பாய், ஈரம் போனால் போதும் என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். மனுஷன் கேட்கவில்லை. கையில் வந்த துணியை அரைகுறையாகக் கொடுத்துப் பழக்கமில்லை அவருக்கு. கடை வாடிக்கைக்குச் செய்வது போல மடித்து மடித்து, அழுத்தி அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார். நான் இருந்த அவசரத்தில் அப்படியே சுற்றிக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. முந்தானையைத் தொட்டாள், காய்ந்திருந்தது. தப்பித்தோம் என்று உள்ளே போகத் திரும்பினேன்.

"நில்லு அத்தே. போறப்போ கசங்கிக் கெடந்த பொடவை. வரப்போ கத்தி மாதிரி மடிப்போட வந்துகீது. ஊர் சுத்தப் போன எடத்துல யாரு உனக்கு இஸ்திரி போட்டுக்கினு இருந்தாங்க?"

குனிந்து பார்த்தேன். தோளிலிருந்து கால் வரைக்கும் கோடு போட்டதுபோல மடிப்பு. பொய் சொல்ல வாய் வந்தது. அந்த வாயை மூடிக்கொண்டேன். பிள்ளை வரும்வரை காத்திருந்து, மருமகள் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். நனைஞ்சேன், தெரிஞ்சுதான் நனைஞ்சேன் என்றேன். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அப்போ அதோடு சரிதானேம்மா என்றான். சரிதான் என்றேன். சொன்ன பிறகு என்ன இருக்கிறது?

அந்த மாசம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மாடிப்படியில் இறங்குவேன், கேட் வரைக்கும் போவேன், பஸ் போவதைப் பார்த்துவிட்டு ஏறுவேன். பால் வாங்க ஒரு தடவை, கொத்தமல்லிக்கு ஒரு தடவை. வாங்கின கொத்தமல்லி அழுகியது. கீழ் வீட்டுக்காரி, ஏதாவது வேண்டுதலா என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை கதவு தட்டுகிற சத்தம். மாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறாள், பின்னால் பாயம்மா தூக்குடன். இந்த மாசம் மாமியின் முறையாம். அவள் சொல்கிற இடம் என் வீடாம். உன்னை வெளியிலே போகாதேன்னுதானே சொன்னான், எங்களை வராதேன்னு சொல்லலியே என்றாள்.

பிள்ளை ராத்திரி எல்லாம் கார் ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்தான். மெதுவாகத்தான் பேச ஆரம்பித்தோம். காது மந்தமான மூன்று பொம்பளைகள் எவ்வளவு நேரம் மெதுவாகப் பேச முடியும்? எங்கள் வீட்டு ஜன்னலைவிட மொட்டை மாடியிலிருந்து கடல் நன்றாகத் தெரியும் என்று நான் எழுந்தேன். இப்போதான் ஏறி வந்தேன், இன்னொரு மாடியா என்று மாமி சண்டை பிடித்தாள். மீன் வறுத்த சட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டு மூக்கைப் பொத்தினாள். பாயம்மா சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்து பிளாக் வரைக்கும் கேட்கும். ஊஞ்சல் கதையை மருமகளுக்கு நடித்துக் காட்டும்போது நாற்காலி சாய்ந்து விழுந்தது.

உள்ளேயிருந்து பிள்ளை வந்து நின்றான். கண் சிவந்து, லுங்கியைப் பிடித்துக்கொண்டு.

"எம்மா, நீங்க மூணு பேரும் வெளியவே போங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

எனக்கு அது போதாது. நான் கொடுத்த வாக்கை அவன் வாயால் திருப்பிக் கொடுக்கணும். ஜன்னலுக்கு வெளியே தூற ஆரம்பித்திருந்தது.

"நனைஞ்சிட்டா?"

"நனைஞ்சிக்க தாயே" என்றான். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

நான் திரும்புவதற்குள் மாமி செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் பாதி இறங்கியிருந்தாள்.