சேர்ந்திசை விழாவுக்கு ஆதாரம் தேடிய ஏழு நாட்கள்

இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது, சம்பளம் இல்லாமல் மெமோ மட்டும் வருகிற உத்தியோகம். அந்த மெமோவை வாங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

திண்டுக்கல்லில் ஒவ்வொரு டிசம்பரிலும் பல ஊர்த் திருச்சபைகளின் பாடகர் குழுக்கள், நான் பாடும் குழுவும் சேர்த்து, கூடிப் பாடும் சேர்ந்திசை விழாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முகம் தெரியாத ஒரு மூத்த தொகுப்பாளர் அதன் தலையில் அறிவிப்பு ஒட்டிவிட்டார். விழாக் குழுவைச் சேராத யாராவது, எங்காவது, இதைப் பற்றி எழுதியிருக்க வேண்டுமாம். ஏழு நாளில் காட்டாவிட்டால் கட்டுரை நீக்கப்படும். மூன்று மாத உழைப்பு.

முன்னிலை யாரு?

விழா அமைப்பாளர் ஜெபராஜ் சாரிடம் உதவி கேட்கப் போனேன். அவர் கட்டுரையை போனில் படித்துவிட்டு, தலைமை, முன்னிலை, நன்றியுரை எல்லாம் எங்கே என்று கேட்டார். இது அழைப்பிதழ் இல்லை சார் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி, பந்தல் போட்டவரு பேரையாச்சும் கடைசியில போட்ருப்பா. நாளைக்கு அவரு மூஞ்சில முழிக்கணும்ல."

வருடம் இல்லாத நோட்டீஸ்

விழாக் குழுச் செயலாளர் மேரி டீச்சர் ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்தார். விழாக் குழுவே அச்சடித்தது செல்லாது, வருடத்தையாவது சரிபார்க்கலாம் என்று பிரித்தேன். மாதம், கிழமை, மாலை சரியாக ஆறு மணி, எல்லாம் இருந்தது. வருடம் ஒன்றில்கூட இல்லை. அதில் பாதி, நான் வேலை செய்யும் பிரஸ்ஸில் நானே டைப் செய்தவை. யாரை நோவது?

"வாரவுகளுக்கு இது எந்த வருசம்னு தெரியாமலா இருக்கும்?" என்றார் டீச்சர்.

நல்லாப் பாடுனோம்

இதற்கு நடுவே, ரெட்டியார்சத்திரம் குழுவில் பாடும் பையன் ஒருவன் கட்டுரைக்குள் புகுந்து, தங்கள் குழு 'தேனினும் இனிமையாகப் பாடியது' என்று சேர்த்திருந்தான். ஆதாரம் இல்லை என்று அழித்தேன். உடனே போன் வந்தது.

"அண்ணே, நாங்க நல்லாப் பாடலேங்கிறதுக்கு நீங்க ஆதாரம் காட்டுங்க. நானே அழிச்சுர்றேன்."

எதிர்வீட்டு ஃபைல்

ஆறாம் நாள், விழா மைதானத்துக்கு எதிர்வீட்டு ராஜமாணிக்கம் ஐயாவைப் பார்க்கப் போனேன். தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். விழாவுக்கு வரும் வேன்கள் தன் கேட்டை மறிக்கின்றன என்று வருடம் தவறாமல் பத்திரிகைகளுக்குப் புகார் கொடுப்பவர். நான் பாடகர் குழுக்காரன் என்று தெரிந்தும், உட்காரச் சொல்லி ஒரு ஃபைலை எடுத்து வந்தார்.

உள்ளே, அவர் புகாரை வைத்து வந்த ஒன்பது வருடப் பத்திரிகைச் செய்திகள், கத்தரித்து ஒட்டியபடி. 'சேர்ந்திசை விழாவால் போக்குவரத்து நெரிசல்' என்று தலைப்பு, எந்தெந்த ஊர்க் குழுக்கள் வந்தன என்ற விவரம், ஒவ்வொன்றின் மேலும் அவர் கைப்பட எழுதிய பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம். வருடத்தோடு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே எல்லாவற்றையும் கட்டுரையில் ஏற்றினேன். மறுநாள் காலை அறிவிப்பு எடுக்கப்பட்டிருந்தது.

நன்றி சொல்ல ஆரஞ்சுப் பழங்களோடு போனேன். செய்தியைக் கேட்டு அவருக்கும் சந்தோஷம்தான். பழங்களை வாங்கி வைத்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்த வருசமும் ஒரு புகார் எழுதிப் போட்டுரவா தம்பி? ஒங்களுக்கு ஆகும்ல."

பாட்டை ரசித்தவர்கள் எல்லாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட, எங்கள் விழா நடந்ததற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, அதைத் திட்டியவர்தான்.