ஸ்டார்ட்டர் மூடியில் ஒட்டியிருந்த படம்

போன மாசி மாதம், தாடிக்கொம்புப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் நடந்தது இது. பூவுக்கு நல்ல விலை இருந்த நேரம். வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தார். காலையில் தண்ணீர் பாயும்போதே மோட்டார் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் ஃபியூஸ் போயிருந்தது. புதுக் கம்பி கட்டினேன், அதுவும் 'டப்'பென்று போனது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழுந்தன் வந்தார். "இதுக்கா மதினி மலைச்சு நிக்கிறீக? மூணு இழையை முறுக்கிக் கட்டுங்க. நான் போயி குழாயில கை வச்சுப் பாக்குறேன்" என்றார். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் கம்பியைத் தடிமனாக்கிவிடுவோம். அப்புறம் போர்க் கிணற்று வாயில் இருக்கும் இரும்புக் குழாயைத் தொட்டுப் பார்ப்போம். அது அதிர்ந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம்.

நானும் முறுக்கத்தான் தொடங்கினேன். அப்போது பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தில் கண் போனது. இத்தனை வருடமும் அதை ஏதோ கோலம் மாதிரிதான் பார்த்திருக்கிறேன். ஆனால் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியிருந்தது. மின்சுற்றுப் படத்தில் ரம்பப் பல் மாதிரி இருந்தால் மின்தடை, நீளக் கோடும் குட்டைக் கோடும் மின்கலம் என்று அவளை ஒப்பிக்க வைத்தே எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. மூடியில் இருந்ததும் அதே மாதிரிப் படம்தான். வட்டத்துக்குள் 'எம்' எழுத்து, அது மோட்டார். நடுவில் கோடு ஓடும் சின்னப் பெட்டி, ஃபியூஸ். அளவு மீறி மின்சாரம் போனால் தானே உருகிச் சுற்றைத் துண்டிக்கும் என்று முந்தின நாளும் கத்திப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் எங்கேயோ மீறிப் போகிறது. எங்கே?

முறுக்கிய கம்பியைக் கீழே வைத்துவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். "தம்பி, வயரைப் பாக்காம நான் போட மாட்டேன்."

"அடேயப்பா! மதினி இன்ஜினியர் ஆயிட்டாக! செடி காயுது, போடுங்க மதினி."

எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. "காஞ்சா காயட்டும். செத்த நேரம் பொறுங்க" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

படத்தில் கோட்டைப் பிடித்துப் போவதுபோல, பெட்டியிலிருந்து வயரைப் பார்த்துக்கொண்டே போர் வரைக்கும் நடந்தோம். குழாயைக் கவ்வியிருந்த இரும்புப் பட்டையில் உரசி உரசி வயரின் தோல் உரிந்திருந்தது. உள்ளே இருந்த செம்பு குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கருகல். கீழே முழுக்கச் சேறு. தடித்த கம்பி போட்டிருந்தால் அது உருகியிருக்காது, குழாய் முழுக்கக் கரண்ட் நின்றிருக்கும்.

கொழுந்தன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க மட்டும் முறுக்கிப் போட்டிருந்தீகன்னா மதினி..." என்று இழுத்தார். அவருக்கு இரண்டும் சின்னப் பிள்ளைகள்.

மதியம் எலக்ட்ரீசியன் வந்து வயரை மாற்றினார். கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் மூன்று கோடுகள் படத்தில் இருந்தன. அது எர்த். எங்கள் பெட்டியில் அந்த வயர் எதிலும் சேராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் காட்டி, முறைப்படி இணைக்கச் சொன்னேன்.

முன்பெல்லாம் ஃபியூஸ் போனால் 'சனியன்' என்று திட்டுவேன். இப்போது திட்ட வாய் வருவதில்லை. அன்றைக்கு இரண்டு தடவையும் தானே உருகி, கொழுந்தன் கையைக் குழாய்ப் பக்கம் போகவிடாமல் நிறுத்தியது அந்த நூல் மாதிரிக் கம்பிதானே.