மூடுபனியில் வந்த காவிரி

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பர்மா எல்லையில், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு குன்றின் மேல் எங்கள் காலாட்படையின் முன்வரிசை அரண் இருந்தது. அரண் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பதுங்கு குழிகள், மணல் மூட்டைகள், கொஞ்சம் முள்கம்பி, அவ்வளவுதான். எதிர்க் குன்றில் ஜப்பானியர். நடுவே ஒரு பள்ளம்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். படிப்பு ஏறாமல் பட்டாளத்துக்கு ஓடிப்போனவன். என் குழியில் இருந்த கூட்டாளி காட்டூர்க்காரன், விவசாயக் குடும்பம். நெற்றியில் நாமம் இல்லாவிட்டாலும் அவனுக்கு நான் 'சாமி'தான்.

கோவேறு கழுதைகள் தண்ணீர் கொண்டுவரும் பாதையை எதிரி மறித்துவிட்டான். காட்டூர்க்காரன் விலாவில் குண்டுக் காயம் பட்டு, காய்ச்சலில் கிடந்தான். காலி பாட்டிலை வாயில் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்ப்பான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. உதவிப் படை வரும்வரை நகரக் கூடாது என்று ஹவில்தார் சொல்லிவிட்டார். பள்ளத்தில் ஓர் ஓடை உண்டு. மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை மணல். காய்ந்துபோனது என்று எல்லோரும் கைவிட்டிருந்தோம். காவிரிக் கரையில் பிறந்த எங்கள் இருவருக்கும்கூட வேறு யோசனை வரவில்லை. தாகம் புத்தியையும் வற்றவைத்துவிடும் போலிருக்கிறது.

ஒரு விடியற்காலை கண் விழித்தேனா, விழித்ததாகக் கனவு கண்டேனா, இன்றுவரை தெரியாது. பள்ளம் நிறைய மூடுபனி, மெல்ல அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் எதிர்க் குன்றின் தலை மட்டும் தெரிந்தது. சந்தேகமே இல்லை, அது மலைக்கோட்டை. அப்படியானால் நடுவில் ஓடுவது காவிரி. நான் இருப்பது எங்கள் ஊர் அம்மா மண்டபப் படித்துறை. எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். செம்பை எடுத்துக்கொண்டு குளிக்க இறங்கிவிட்டேன். துப்பாக்கி குழியிலேயே கிடந்தது. பட்டாளத்தில் எந்த மடையனும் செய்யாத காரியம்.

பனிக்குள் சில்லென்று இருந்தது. கோயில் மணி கேட்டது. யாரோ துணி துவைக்கும் சத்தமும் கேட்டது. கால் மணலில் பட்டதும் வெள்ளத்தைக் காணோம். அதற்கும் நான் கலங்கவில்லை. கோடையில் காவிரி அப்படித்தானே? ஊரில் செய்வதுபோல உட்கார்ந்து இரண்டு கையாலும் ஊற்றுத் தோண்டினேன். முழங்கை ஆழம் போனதும் விரல் நனைந்தது. அந்த ஈரத்தில்தான் விழித்துக்கொண்டேன்.

கையில் இருந்தது செம்பு இல்லை, தண்ணீர் பாட்டில். தலைக்கு மேலே இருந்தது மலைக்கோட்டை இல்லை, ஜப்பானியர். ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஊற்றை அவசரப்படுத்த முடியாது, கலங்கிவிடும். சுரக்கச் சுரக்க மூடியால் மொண்டு ஊற்ற வேண்டும். பனியோ கலையத் தொடங்கிவிட்டது. அவன் காலி பாட்டிலைக் கவிழ்த்தது நினைவுக்கு வந்ததால் உட்கார்ந்தே இருந்தேன். பாட்டில் நிறைந்ததும் துண்டையும் நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

முள்கம்பியை நெருங்கும்போது எங்கள் காவலாளே துப்பாக்கியைத் தயார் செய்யும் சத்தம் கேட்டது. அன்றைய அடையாளச் சொல் எனக்கு மறந்தே போயிருந்தது. வாய் மட்டும் பயத்தில் "ரங்கா, ரங்கா" என்று முனகிக்கொண்டிருந்தது, எங்கள் ஊரில் குளித்துவிட்டுக் கரையேறுகிறவர்களைப் போல. குழிக்குள்ளிருந்து காட்டூர்க்காரனின் வறண்ட குரல் எழுந்தது.

"சுட்டுடாதீங்க. நம்ம சாமி குளிச்சிட்டு வருது."

அவன் வாயில் தண்ணீரை ஊற்றினேன். பாதி கழுத்தில் வழிந்தது. விழுங்கிவிட்டு, கண்ணைத் திறக்காமலே, "ஊத்துத் தண்ணி சாமி" என்றான். நான் அழுதுவிட்டேன்.

ஹவில்தார் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்ததும் எங்கே தோண்டினேன் என்று கேட்டார். அதன்பிறகு பனி இறங்கும்போதெல்லாம் ஆட்கள் போய் மொண்டுவந்தார்கள். உதவிப் படை வரும்வரை குன்று எங்களிடமே இருந்தது. காட்டூர்க்காரனும் பிழைத்துக்கொண்டான். படித்துறையில் என்னைக் கண்டால் இன்றும், "துப்பாக்கி எங்க சாமி?" என்பான்.

ஆடியில் இரு கரையும் தொட்டு ஓடும் காவிரியைப் பார்க்க ஊரே திரள்கிறது. நானும் போகிறேன். ஆனால் சித்திரையில், ஒரு சொட்டுகூடக் கண்ணில் படாமல் மணலாய்க் கிடக்கிறாளே, அப்போதுதான் படியில் நின்று கைகூப்பத் தோன்றுகிறது.