நடக்கச் சொன்ன வைத்தியம்

என் கணவருக்கு இதயம் பலவீனமாகி, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கிய காலம். அவரைத் தினமும் மெல்ல மெல்ல நடந்து பழகச் சொன்னார் ஆஸ்பத்திரியின் இளம் டொக்டர். உடம்பு பழகினால் இவ்வளவு களைக்காதாம். உப்பையும் தண்ணீரையும் மட்டும் குறைக்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்துக்கு மருந்து வரத் தடையிருந்த வருடங்கள் அவை. கொடுக்கக் குளிசை இல்லாததை மறைக்கத்தான் இந்த நடை வைத்தியம் என்று எனக்குப் பட்டது. எதையும் லேசில் நம்புகிற பிறவி நானில்லை.

வீட்டில் உப்பில்லாத கறி, அளந்த தண்ணீர். பின்னேரத்தில் அவர் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கை வழியே நடந்துவிட்டு வருவார். சில கிழமைகள் போனதும் கால் வீங்கியது. அமுக்கினால் குழி விழுந்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் அவரால் மூச்சுவிட முடிந்தது. எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்தே வந்தன. டொக்டரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்கத்தான் இருந்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. வெயிலில் நடந்து வருகிற மனிதர் ஒருநாளும் தண்ணீர் கேட்பதில்லை.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் பின்னால் போனேன். இதய வருத்தக்காரர் நடந்து போகிறாரே என்று முதல் வீட்டுப் படலையில் உப்புப் போட்ட மோர் கொடுத்தார்கள். அடுத்ததில் தேநீர். அதற்கடுத்ததில் இளநீர். எல்லாவற்றையும் குடித்தார். ஒழுங்கை முடிகிற இடத்தில், எங்கள் சாதிக்காரர் தண்ணீர் வாங்காத வீட்டிலும் வாங்கிக் குடித்தார்.

அங்கேயே மறித்தேன். "சாகிறதெண்டே நிக்கிறியள்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மற்ற வீடுகளிலை குடிச்சிட்டு இஞ்சை மட்டும் வேண்டாமெண்டால், இவை என்ன நினைப்பினம்?"

அந்த வீட்டை மட்டும் தள்ளச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அவரைச் சாகவிடவும் முடியாது. அடுத்த நாள் நானும் கூடவே நடந்தேன். ஒவ்வொரு படலையிலும் அவருக்குக் கூடாது என்று சொல்லி, கொடுத்ததை நானே வாங்கிக் குடித்தேன். பாதி வழியிலேயே வயிறு முட்டிவிட்டது. அப்படித்தான் பிறகு அவருடைய வீக்கம் வற்றியது, கோயில் வரை நிற்காமல் நடக்கவும் பழகினார். டொக்டரிடம் நான் சண்டைக்குப் போகவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது நான் கூட நடந்த முதல் நாளின் கடைசிப் படலைதான். அந்த வீட்டு அம்மா தண்ணீர்ப் பேணியை அவரிடம் நீட்டினார். நான் கையை நீட்டினேன்.

"எனக்குத் தாங்கோ."

அந்த அம்மா உடனே தரவில்லை. என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தந்தார். நான் வாய் வைத்துக் குடித்து முடிக்கும்வரை, நம்பாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.