ஊரறியக் குடியை விட்டவர்

ஊருக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்குவதைப் போல ஒரு பாவப்பட்ட பிழைப்பு வேறு கிடையாது. குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, தடுப்பூசி என்று எதற்காவது அரசாங்கத்தின் பேரால் மைக் பிடித்தவர்கள் இதைப் படித்தால் தானாகவே தலையாட்டுவார்கள். எனக்கு வாய்த்தது போதை ஒழிப்பு. தொண்ணூறுகளின் நடுவில், மத்திய அரசு தந்த மானியத்தில், பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனம் குடியை மறக்க வைக்கும் மையம் ஒன்றை நடத்தியது. அதில் நான் களப்பணியாளர். பாபநாசத்தில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் ஜீப்பில் போய், குடிக்காதே, கஞ்சா தொடாதே என்று சொல்லிவிட்டு வருவேன். கைத்தறிச் சேலையும் தோள்பையுமாக ஒரு பெண் வந்து இறங்கினால் எங்கள் சீமையில் அவள் டீச்சர்தான். ஒரு வகுப்பும் எடுக்காமலே நான் ஜில்லா முழுக்க டீச்சர் ஆனேன். என் பாடத்தை எவனும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஊசிப் படம்

முதல் வருஷம் தில்லியிலிருந்து கட்டுக் கட்டாகச் சுவரொட்டி வந்தது. எல்லாம் இந்தி எழுத்து. படத்தில் தலைமுடி வளர்த்த ஒரு வாலிபன், கையில் ஊசி, பின்னால் மண்டை ஓடு. எங்கள் பக்கத்தில் அந்த ஊசி மருந்தை எவனும் கண்ணால் கண்டதில்லை. இங்கே உள்ளது பிராந்தி, கஞ்சா, மிஞ்சிப்போனால் இருமல் மருந்து. இதை எங்கள் செயலாளரிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மேலிடம் அனுப்பியதை ஒட்டாமல் வைத்திருந்தால் மானியம் நின்றுவிடும் என்றார். இந்தி எழுத்தின் மேல் தமிழ்க் காகிதத்தை ஒட்டி, தூக்கிக்கொண்டு ஏரல் சந்தைக்குப் போனோம்.

ஜீப்பில் ஊசிப் படத்தைத் தொங்கவிட்டதும் கூட்டம் கூடியது பாருங்கள், அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வாழைத்தார் கொண்டுவந்த ஒரு பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். மருத்துவ முகாம் என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் ஊசி போட வரவில்லை, போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறோம் என்று தொண்டை வறள விளக்கினேன். பெரியவர் சுருட்டிய கையை இறக்காமலே கேட்டார்: "எங்க ஊருக்கு டாக்டர்னு ஒருத்தர் எட்டிப் பாத்தே மாசக்கணக்கு ஆவுது, ஊசி போடாதிய, போடாதியன்னா, போட யாரு டீச்சர் இருக்கா?"

வாசல் வைக்காத சுவர்

நான் பேசி ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், குடியை விட்ட ஒருவரையே பேச வைக்கலாம் என்று செயலாளர் முடிவெடுத்தார். அப்படி வந்தவர்தான் பேச்சிமுத்து கொத்தனார். எங்கள் மையத்தில் சேர்ந்து, கைநடுக்கம் தீர்ந்து, திரும்பவும் கரண்டி பிடிக்க ஆரம்பித்தவர். எதற்காகக் குடியை விட்டீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தார். மகள் மாரிச்செல்வி வளர்ந்து நிற்கிறாள். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் 'குடிகாரன் மகள்' என்று ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் விட்டேன் என்பார்.

மைக்கைக் கொடுத்ததும் மனிதர் பிய்த்து உதறிவிட்டார். போதையில் ஒரு வீட்டுக்கு வாசல் வைக்க மறந்து நாலு பக்கமும் சுவர் எழுப்பி, உள்ளே தானே மாட்டிக்கொண்டு கத்திய கதையைச் சொன்னால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிரிப்பு அடங்குமுன் மகள் கதைக்கு வருவார். அவர் வீடு திரும்பாத ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடச் சீருடையோடு அந்தப் பிள்ளை சாராயக்கடைக்குள் வந்து, விழுந்து கிடந்த அப்பனைத் தோளில் தாங்கிக் கூட்டிப் போனது. கடையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதை அவர் சொல்ல மாட்டார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்துவார்.

ஏரல் சந்தையில் அவர் முதல்முறை இதைச் சொன்னபோது, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அடுத்த ஊரில் மகள் பேச்சை எடுக்காமல் தாண்டிவிடப் பார்த்தார். ஜீப்பை விட்டு இறங்கியதும் செயலாளர் அவரைத் தனியே கூப்பிட்டார்: "வேற எதை விட்டாலும் மக கதையை மட்டும் விட்டுராதீரும் வே, அதுலதான் ஜனம் அழுவுது."

மடியில் சுளகு

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு தெருவில் பெண்களுக்கு மட்டும் கூட்டம். மேலிடத்திலிருந்து வந்த பேச்சுக் குறிப்பில் புகையிலையும் போதைதான் என்று எழுதியிருந்தது. நானும், பீடி எப்படி நெஞ்சை அரிக்கும் என்று உருக்கமாகப் பேசினேன். எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் மடியிலும் முறம் மாதிரி ஒரு சுளகு. சுளகில் பீடி இலையும் தூளும். என் முகத்தைப் பார்த்தபடியே இலையைச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு ஆண்கள் குடித்துத் தொலைத்தது போக அடுப்பு எரிவது அந்தச் சுளகிலிருந்துதான். எனக்கே நாக்குக் கூசியது. பாதியில் நிறுத்தினேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கை ஓயாமல் என்னைத் தேற்றினாள்: "நீங்க பேசுங்க டீச்சர், கை பாட்டுக்குக் கை சுத்தும், காது சும்மாதான இருக்கு."

இருமல் மருந்து

ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஒரு பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினோம். எந்த மருந்தை எவ்வளவு குடித்தால் தலை சுற்றும், எந்த மாத்திரைக்கு என்ன பெயர் எல்லாம் அதில் தெளிவாக இருந்தது. பையன்கள் அப்படி ஒரு அமைதியோடு கேட்டார்கள். நான் பூரித்துப்போனேன். அடுத்த வாரம் தலைவலி மாத்திரை வாங்க அந்த ஊர் மருந்துக்கடைக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார்: "அடுத்தால எந்தப் பள்ளிக்கூடம்னு முன்னக்கூட்டியே சொல்லிருங்க டீச்சர், அந்த இருமல் மருந்துல கூட ரெண்டு பெட்டி எடுத்து வச்சிக்கிடுதேன்."

எலுமிச்சை ஜூஸ்

வருஷா வருஷம் ஜூன் கடைசியில், போதை ஒழிப்பு தினத்துக்கு ஊர்வலம் நடத்தியாக வேண்டும். தட்டி, தொப்பி, கோஷம், பள்ளிப் பிள்ளைகள். அந்த வருஷம் மானியம் வந்து சேரவில்லை. தொப்பிக்கும், வெயிலில் நடக்கிற பிள்ளைகளுக்கு எலுமிச்சை ஜூஸுக்கும் செயலாளர் ஒரு அண்ணாச்சியைப் பிடித்தார். டவுனிலும் ஜங்ஷனிலும் பிராந்திக்கடை வைத்திருப்பவர். தட்டியின் அடியில் அவர் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது.

ஊர்வலம் அவர் கடை வழியாகத்தான் போனது. பிள்ளைகள் கோஷம் போட, கடை வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டுக் கைதட்டினார்கள். கத்தி வறண்ட தொண்டைக்கு அந்தக் கடை நிழலில் வைத்தே ஜூஸும் கொடுத்தார்கள். உங்களுக்கே இது வேடிக்கையாக இல்லையா அண்ணாச்சி என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வரிசையைக் கையால் காட்டினார்: "அந்தா தொப்பி போட்டு நிக்கான் பாருங்க, என் மவன்தான், படிக்குத பிள்ளை, அவனுக்குக் கெட்ட பழக்கம் வந்துறக் கூடாதுல்லா டீச்சர்?"

உவரியில்

உவரியில் மாதா கோயிலுக்கு எதிரே மணலில் கூட்டம். பேச்சிமுத்து அண்ணன் அன்றைக்குப் பேசியதுபோல எங்கும் பேசியதில்லை. கட்டுமரக்காரர்கள் வலை பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சுவர் கதைக்குச் சிரிப்பு, மகள் கதைக்கு அழுகை. கூட்டம் முடியுமுன்பே இரண்டு பேர் மையத்தில் சேருகிறோம் என்று பெயர் கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அவர் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் உண்டு.

எல்லாரும் கலைந்தபின் ஒரு மீன்காரம்மாள் வந்தாள். சாத்தான்குளம், ஏரல் என்று உள்நாட்டுச் சந்தைகளுக்கு பஸ்ஸில் மீன்கூடை கொண்டுபோகிறவள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க நல்லா இருக்கணும் என்று அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு பைய, எனக்கும் கேட்கும்படி, சொன்னாள்: "நாங்க செஞ்ச பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்துல சாமியார் காதுல மட்டுந்தான் சொல்லுவோம், அவரு வெளிய சொல்லப்படாது, நீங்க ஊருக்கே சொல்லுதிய, எங்க வாயை யாரு அண்ணாச்சி கட்டுவா?"

கையில் எடுத்த பூ

மாரிச்செல்விக்கு வரன் வந்தது. ஏரல் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். பையன் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு பேச்சிமுத்து அண்ணன் என்னிடம் ஓடிவந்தார். நீங்கள் வந்து நின்றால் ஒரு மரியாதை என்று என்னையும் அழைத்தார். வீட்டுக்கு அவரே வெள்ளையடித்திருந்தார். வந்தவர்களுக்கு லட்டும் காராச்சேவும் வைத்து, பெண்ணின் தாய்மாமன்தான் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் கைகட்டி ஓரமாக நின்றார். அவர் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பூ வைத்துவிடுவோம் என்று மாப்பிள்ளையின் அத்தை மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் மவளை உங்க மவளா நெனைச்சுக்கிடுங்க தாயீ" என்றார். அத்தை நின்றுவிட்டாள். "இந்தக் குரலை நான் கேட்டிருக்கேனே. எங்க சந்தையில ஜீப்புல நின்னு பேசினது நீங்கதான? வாசல் வைக்காமச் சுவர் கட்டின கொத்தனாரு?" வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் அத்தை பெண்ணின் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது. "அப்போ, சாராயக்கடைக்குள்ள போன பிள்ளை இதுதானா?"

பூ திரும்பவும் தட்டுக்குப் போனது. மாரிச்செல்வி தலை நிமிரவே இல்லை. நான் எழுந்து, அவள் போனது அப்பனைக் காப்பாற்ற, அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்று என்னவெல்லாமோ சொன்னேன். ஊர் ஊராகப் பேசிய வாய்க்கு அந்த அறையில் ஒரு மதிப்பும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா வரும் வழியிலேயே கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெற்றிலையையும் மீறி வாடை வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "குடிச்சது ஒரு பெரிய தப்பில்ல வே, யாருதான் குடிக்கலை, நீரு மைக் போட்டுல்லா சொல்லிட்டீரு, நாளைக்கு எங்க தெருவுல இந்தப் பிள்ளையை யாருன்னு சொல்லிக் கூட்டிட்டு வர?"

இன்னொரு வரன்

பேச்சிமுத்து அண்ணன் திரும்பவும் குடித்துவிடுவார் என்று பயந்து மறுநாள் காலையிலேயே ஓடினேன். குடிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். சுவர் கதையைச் சொன்னார். மகள் கதையைச் சொல்லாமல் இறங்கினார். ஜனம் அழவில்லை. மக கதை என்ன ஆச்சு என்று செயலாளர் கேட்டார். அதற்கு நான் அவரைக் கேட்டதை இங்கே எழுதினால் அச்சில் வராது. ஆனால் இப்போது நிறுத்தி என்ன? மீன்கூடையோடும் வாழைத்தாரோடும் கதை எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. அவர் குடித்த காலத்தில் அது ஒரு தெருவுக்கு மட்டும்தான் தெரியும். விட்டபிறகு ஜில்லாவுக்கே தெரியும். வந்த வரன்கள் எல்லாம் தெருமுனையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பின.

ஒருநாள் நான் போயிருந்தபோது தரகர் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் ஓட்டுகிற பையன், சொந்த வீடு, ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் கொஞ்சம் போடுவான் என்று இழுத்தார். அண்ணன் பாய்ந்து எழுந்தார். "குடிகாரனுக்கா? இதுக்கா வே நான் விட்டேன்?" என்று கத்தினார். அடுப்படியிலிருந்து மாரிச்செல்வி வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தை விட்டபோதும், பூ தட்டுக்குத் திரும்பியபோதும் வாய் திறக்காத பெண். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை: "குடிக்குத மாப்பிள்ளையாவே பாருங்கப்பா, அவுக வீட்டுலதான் என்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

போதை ஒழிப்பு என்று ஜீப்பில் எழுதிக்கொண்டு தாமிரபரணிக் கரை முழுக்கச் சுற்றிய நாங்கள் உருப்படியாக ஒழித்தது, ஒரு சொட்டும் தொடாத ஒரு மாப்பிள்ளையைத்தான்.